மாமனாரின் தூக்கம்

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனபோது நர்ஸ் சொன்னார்: “நாலு மாசப் புள்ள பதினஞ்சு மணி நேரமாவது தூங்கணும்மா. வயசானவங்களுக்குத்தான் ஏழு மணி நேரம் போதும்.”

சிந்துஜாவின் பிள்ளை பகலில் தூங்குவதே இல்லை. விடியும் முன்பே விழித்துவிடுவான். அழமாட்டான். தூளிக்குள் சும்மா விழித்துக் கிடப்பான்.

பதினைந்து மணி நேரம் தூங்குகிறவர் மாமனார் காசிலிங்கம். பேரன் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். காலமெல்லாம் விடியலுக்கு முன் கடலுக்குப் போனவர், இப்போது பசித்தால் மட்டும் எழுகிறார்.

“உங்கப்பா எதனா மாத்திரை போட்டுக்கிறாரா?” என்று கணவனிடம் கேட்டாள்.

“வயசாயிடுச்சு, வுடு” என்றான் செம்மல்.

அவள் விடவில்லை. அவர் தலையணை அடியில், சட்டைப் பையில் எல்லாம் தேடினாள். ஒரு பீடிக்கட்டுதான் இருந்தது. அதுவும் பிரிக்கப்படவில்லை.

இன்று காலை, படகு தள்ளப் போகிறவர்கள் வழக்கம்போல வாசலில் நின்று, “காசியண்ணே, காத்து எப்படி?” என்று குரல் கொடுத்தார்கள். முன்பெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். இன்று அசையவில்லை. தூளித் துணியை விலக்கிக்கொண்டு ஒரு சின்னக் கை ஜன்னல் பக்கம் நீண்டது. உள்ளங்கை விரிந்து அப்படியே நின்றது.

“மாமா, எழுந்திருங்க!” சிந்துஜா பதறிப்போய் அவர் கையைத் தட்டினாள்.

அவர் கண் திறக்கவில்லை. அவள் சுட்டுவிரலை மட்டும் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளை ஒரு நாளும் அப்படிப் பிடித்ததில்லை.