பால் மாவு யாருக்கு?

“என் வீட்டுக்காரருக்குக் கிடையாதா?” என்று ருக்மணி கேட்டாள்.

அதற்கு முன்பே மகனுக்குக் கேட்டிருந்தாள். புதிதாகக் கன்று போட்ட பசுவுக்கும் கேட்டுப் பார்த்திருந்தாள்.

நர்ஸ் சரோஜம்மாள் பால் மாவுப் பீப்பாயின் மூடியை இன்னும் திறக்கவில்லை. “இது சர்க்கார் மாவும்மா. முழுகாம இருக்கறவங்களுக்கும், கைக்குழந்தைக்காரிக்கும்தான். ஆம்பளைக்குக் கிடையாது. மாட்டுக்கும் கிடையாது.”

வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ருக்மணி சிரிக்கவில்லை.

பாரூரில் இந்தத் தாய்சேய் நல விடுதி திறந்த நாளிலிருந்தே, இங்கே யாருக்கு என்ன இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை. உள்ளே நுழைய ஒரு சாக்குத்தான் இல்லாமல் இருந்தது.

போன வாரம் அது கிடைத்தது. தளியில் தாய் வீட்டில் சில நாள் இருந்துவிட்டுத் திரும்பிய மருமகள் காவேரி, தலையைக் குனிந்துகொண்டு, “நாள் தள்ளிப் போயிருக்குதுங்க அத்தை” என்றாள்.

கல்யாணமாகி மூன்று வருடம். மாதம் தவறாமல் “ஏதாச்சும் உண்டா?” என்று கேட்டுக் கேட்டு அவளை அழவைத்தவள் ருக்மணி. மகன் முனிவேலிடம் வேறு பெண் பார்ப்பதைப் பற்றி ஒருமுறை ஜாடையாகப் பேசியதும் உண்டு.

அன்றிலிருந்து மருமகளை ஒரு குடம் தூக்க விடவில்லை. இன்று காலை, வீட்டில் இருந்ததிலேயே பெரிய தூக்குவாளியைத் தேய்த்து எடுத்துக்கொண்டு, பொழுது ஏறுமுன் மருமகளோடு வந்து வரிசையில் முதலாவதாக நின்றுவிட்டாள்.

“சரி, இவளுக்கு எவ்வளவு குடுப்பீங்க?” காவேரியைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

காவேரி நகரவில்லை. “அத்தைக்குத்தாங்க தலை சுத்திக்கிட்டே இருக்குது. அவங்களை மொதல்ல பாருங்க.”

“எனக்கென்னாடி! பித்தம்.”

சொன்ன பிறகுதான், பார்ப்பதும் இங்கே இலவசம் என்பது ருக்மணிக்கு உறைத்தது. அதை மட்டும் எதற்கு விட வேண்டும்? திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தாள்.

சரோஜம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஏதேதோ கேட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, பென்சிலை எடுத்தாள்.

“பேரு?”

“காவேரி.”

“உங்க பேரைக் கேட்டேம்மா.”

“என் பேரு எதுக்கு?”

“மாவு உங்களுக்குத்தான்.” நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “நாலு மாசம்.”

வயதாகிவிட்டது, அதனால் நின்றுவிட்டது என்று ருக்மணி தன்னையே நம்பவைத்திருந்தாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

“மருமக வந்த வீட்டுல மாமியாக்காரி முழுகாம இருக்கறதா? ஊரு சிரிக்குமே. அவ பேருலயே எழுதிக்கிங்க தாயே.”

“பேரை மாத்திட்டா வயிறு மாறிடுமா?”

முந்தானைக்குள்ளிருந்து சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் வந்தது. பிறகு அழுகை மட்டும் மிஞ்சியது. முனிவேலுக்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று சொன்னாள். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், அவளும் போய்விட்டாள் என்றே வீட்டில் அழ ஆரம்பித்துவிட்டார்களாம்.

சரோஜம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இந்தத் தடவை வீட்டுல வேண்டாம். இங்கதான் பெத்துக்கணும். அதுவரைக்கும் மாசா மாசம் மாவு வாங்க வாங்க. யாரு கேட்டாலும் மாவுக்குப் போறேன்னு சொல்லுங்க.”

ருக்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மருமகள் காதில் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். காவேரி உள்ளே போனாள். நர்ஸ் மைசூர்ப் பக்கத்துக்காரி. காவேரிக்குத் தளிக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. திரைக்குப் பின்னால் இருவரும் கன்னடத்தில் ஏதோ மெதுவாகப் பேசினார்கள். ருக்மணிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போன வேகத்திலேயே காவேரி வெளியே வந்தாள். “எனக்கு ஒண்ணும் இல்லீங்க அத்தை. வெறும் சூடுதான்.”

மூன்று வருடப் பழக்கத்தில் ருக்மணியின் வாய் திறந்தது. உடனே முந்தானையை இழுத்துத் தன் வயிற்றை மூடிக்கொண்டாள்.

“போவுது வுடு. இந்த மாவுல நீயும் ரெண்டு வாய் குடி. ஒடம்பு தேறட்டும்” என்றாள். பிறகு இன்னும் மெல்ல, “உங்க மாமனாருகிட்ட இதை யாரு சொல்றது?”

“நானே சொல்றேங்க.”

“சிரிக்காமச் சொல்லுவியா?”

“அது மட்டும் முடியாதுங்க அத்தை.”

ருக்மணி அவள் தோளில் ஓர் அடி வைத்தாள். வலிக்காத அடி.

ஏரிக்கரைமேல் இருவரும் போவதை ஜன்னல் வழியாகச் சரோஜம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். தூக்குவாளி மருமகள் கையில் இருந்தது.

அந்தப் பெண் கட்டிலில் படுக்கவே இல்லை. நின்றபடியே கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்:

“எனக்கு ஒண்ணும் தள்ளிப் போகலீங்க. எங்கம்மா வீட்டுலயே தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் வந்தேன். அத்தை மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால போய் வாந்தி எடுக்கறதைப் பார்த்தேன். கேட்டா பித்தம்னுட்டாங்க. தனக்குன்னா இங்க வரமாட்டாங்க. எனக்குன்னா ஓடி வருவாங்க.”