அடுப்படியில் ஒரு நெட் பாயிண்ட்

விளாங்குடியில் பத்மாசினி கட்டிய புது வீட்டுக்கு இன்டர்நெட் கேபிள் இழுக்க வந்த ஜமீலுக்கு, அந்த அம்மாளின் பிடிவாதம் விளங்கவே இல்லை.

"ஹால்ல ஒரு பாயிண்ட் போதும்க்கா. அடுப்படியில எதுக்கு?"

"பாதி நாள் நான் அங்கதானே நிக்கப் போறேன்? பூனாவுல இருக்குற மககிட்டப் பேசணும். ஜன்னல் வெளிச்சம் என் மேல விழுற மாதிரி வை தம்பி. கேமராவும் வேணும்."

"பேசுறதுக்கு ஒரு செல்போன் போதாதாக்கா? இம்புட்டு வயர் எதுக்கு?"

"நீ இழு தம்பி" என்று சிரித்தாள் பத்மாசினி.

பால் காய்ச்சுவதற்கு ஒரு வாரம் முன்பே இணைப்பு வந்துவிட்டது. அடுப்படியில் வைத்த கம்ப்யூட்டர் திரையில் மகள் காவ்யஸ்ரீ தெரிந்தாள். ஆனால் சத்தமே வரவில்லை. ஜமீல் வயர்களைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்தான்.

"கொஞ்சம் இருங்கக்கா, ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு..."

"சத்தம் வேணாம்ப்பா. அவளுக்குப் பிறந்ததுல இருந்தே காது கேக்காது, பேச்சும் வராது."

சொல்லிக்கொண்டே பத்மாசினி கைகளை உயர்த்தினாள். மகள் கல்யாணமாகிப் போன மூன்று வருடமாகக் கடிதத்தில் எழுதி மாளாததையெல்லாம் சைகையிலேயே கொட்டினாள். அங்கிருந்து காவ்யஸ்ரீயின் விரல்களும் படபடவென்று பதில் சொல்லின. ஜமீலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் அங்கிருந்து நகர மனமில்லாமல் நின்றான்.

திடீரென்று காவ்யஸ்ரீ இரண்டு கைகளையும் சேர்த்து, நெஞ்சருகே மெல்லத் தாலாட்டிக் காட்டினாள்.

பத்மாசினி பதிலுக்குக் கையைத் தூக்குவதற்குள் ஜமீல்தான் முதலில் கத்தினான்.

"யக்கா! நீங்க அம்மாச்சி ஆகப் போறீங்க!"