மாப்பிள்ளைக்கு முடிப் பரிசோதனை

"எழுந்திரு பரணி! வெளியே போயிடலாம்!"

முடி நடும் கிளினிக்கின் நாற்காலியிலிருந்து பரணிதரனைப் பிடித்து இழுத்தாள் மதுவந்தி. நாளை அவர்களுக்கு நிச்சயதார்த்தம். அவளுடைய அப்பா தணிகாசலம் அவள் கையை விலக்கினார்.

"தட்டு மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடணும்மா. இப்போ எல்லா வீட்லயும் பார்க்கறாங்க."

நெடுநாள் கப்பலில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பியிருந்த பரணிக்கு இது புதுசு. அடர்ந்த சுருட்டை முடியைக் கோதிக் காட்டினான்.

"இந்தக் காட்டுல புதுசா எங்கே மாமா நடுவாங்க?"

இயந்திரம் அவன் தலைமேல் இறங்கியது. மதுவந்தி கண்களை இறுக மூடிக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. 'தகுதியற்றவர்' என்றது திரை.

"இவ்வளவு முடி இருந்தா மெஷின் எப்படிப் பாஸ் பண்ணும்?" பரணி சிரித்தான்.

தணிகாசலம் போனை எடுத்தார். "நாளைக்கு ஹால் வேண்டாம் தம்பி."

பரணியின் சிரிப்பு நின்றது. "இதுக்குப் போயா, மாமா?"

அவர் மதுவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நர்ஸ்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"முடி இருக்கறவங்களுக்கும் பச்சை எரியும் சார். நட்ட முடி முழுசா வளர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் ஆள் இருப்பாரான்னுதான் மெஷின் பார்க்குது."