பெயர் சொல்லக் கூடாத சாலை

தார் முடிந்து செம்மண் தொடங்கியதும் வண்டி தொட்டில்போல ஆடத் தொடங்கியது.

பக்கத்து இருக்கையில் அவர். ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாரா, ஜன்னலைத்தான் பார்க்கிறாரா, தெரியவில்லை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் வாயில் ஒரு சொல் இல்லை. கையும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன. பேச்சுதான் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

"நம்ம ரோடு வந்திருச்சுங்க," என்றேன்.

அசையவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் மலை உச்சி பங்களாவுக்காக வெட்டிய சாலை இது. பங்களா இடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. சாலைக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. இன்னும் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது.

அவர் மரலோரி ஓட்டியதெல்லாம் இதில்தான். கல்யாணமான புதிதில் என்னையும் முன்னால் ஏற்றிக்கொள்வார். பட்டணத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் நான். இவ்வளவு பச்சையை ஒரே இடத்தில் பார்த்து வாயடைத்துப் போனேன்.

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார். காட்டுக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பேர் தெரிந்துவிட்டால் காடு நம் வீட்டு ஆள் குரலிலேயே கூப்பிடுமாம். ஆளும் பின்னாலேயே போய்விடுவானாம். தமிழரோ மலாய்க்காரரோ, லோரி ஓட்டுகிற எல்லோருக்கும் அதே சட்டம்தான். ஒரு தடவை லோரி கிளீனரை வாய் தவறி "பாலன்" என்று கூப்பிட்டுவிட்டேன். மலை இறங்கும்வரை என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்.

அவர் பேரைப் பொறுத்தவரை எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கட்டின புருஷன் பேரை என்றைக்குச் சொல்லியிருக்கிறேன்? காட்டிலும் என்னங்க, வீட்டிலும் என்னங்க.

அந்த என்னங்கதான் இப்போது வினையாகிவிட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வாணி சின்னப் பெண். வரும்போதெல்லாம் ஒரே பாட்டு: "ஆன்டி, அங்கிள் பேரச் சொல்லி சத்தமா கூப்பிடுங்க லா. நீங்க கூப்பிட்டாதான் திரும்புவாரு."

கூப்பிடுகிறேன் என்பேன். பச்சைப் பொய். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அதற்கே முகம் சுட்டது.

போன வாரம் வாணி கிளம்பும்போது, இனிமேல் பேச்சு வருவது கஷ்டம் என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனாள். பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதேன். என்னைத் திட்டக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டதே என்றிருந்தது.

பூச்சோங்கிலிருக்கும் மகன் குகனிடம் பிக்-அப் வண்டியைக் கேட்டபோது, "எதுக்கும்மா அவ்வளவு தூரம்?" என்றான். அப்பாவுக்குக் காற்று மாறட்டும் என்றேன்.

மேலே ஏற ஏற பனிமூட்டம் இறங்கி வந்தது. மூங்கில்கள் இரண்டு பக்கமும் தலையைச் சேர்த்துக்கொண்டு ரகசியம் பேசின. வெயில் வழி தெரியாமல் அங்கங்கே நின்றது. இருவாட்சி ஒன்று புஸ் புஸ்ஸென்று சிறகடித்துக்கொண்டு தலைக்கு மேலே போனது. பறவையைக் காணோம், சத்தம் மட்டும் போனது.

எந்த வருஷத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. அடுத்த வளைவில் அந்தப் பழைய லோரி எதிரே வந்து, அதில் முறுக்கு மீசையோடு அவரும், ஜிமிக்கி ஆட நானும் உட்கார்ந்திருந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். ஓரம் கட்டி வழி விட்டிருப்பேன்.

ஓடை குறுக்கே ஓடும் இடத்தில் நிறுத்தினேன். லோரி ஓட்டிய நாளில் அவர் இறங்கி முகம் கழுவும் இடம். என்ஜினை அணைத்ததும் காடு முழுக்கக் காதாகிவிட்டது. திறந்த ஜன்னல் வழியாக மூட்டம் உள்ளே வந்து எங்கள் மடியில் உட்கார்ந்தது.

அவர் முகத்தில் ஒன்றுமில்லை.

எனக்கு வெட்கம் பாதி, பயம் பாதி. நிஜமாகவே ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. கேட்டால் கேட்கட்டும். அவர் குரலை வைத்திருப்பது அதுதான் என்றால், அதற்கும் சேர்த்தே கேட்கட்டும்.

"சிவநேசன்!"

எதிர் மலை அதை வாங்கி, மெதுவாகத் திருப்பிச் சொன்னது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழுத்து திரும்பியது. புருவம் நெறிந்தது. ஐயோ, அந்தப் பழைய முறைப்பு! உதடு ஒரு பக்கமாகக் கோணி, எச்சில் வழிந்து, தொண்டைக்குள் ஏதோ கல் உருண்டது.

"பே... பேர... சொல்லாதடி."

முந்தானையால் அவர் வாயைத் துடைத்தேன். என் கண்ணைத் துடைக்கத் தோன்றவில்லை.

வண்டியைத் திருப்பினேன். காற்று மாறவா வந்தேன்? இந்தத் திட்டை வாங்கத்தான் வந்தேன். அவரால் திட்டாமல் இருக்க முடியாத இடம் இந்த உலகத்தில் இது ஒன்றுதான்.

மலை இறங்க இன்னும் நிறைய வளைவுகள் இருந்தன. முதல் வளைவில் கண்ணாடியை நன்றாக இறக்கிவிட்டு, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.