அஞ்சாவது டீ

"ஒரு நாளைக்கு அஞ்சு டீ. அந்த டீக்கடை அய்யனாருக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா, இல்ல பாலோட சேத்து அதையும் காய்ச்சிட்டானா?"

ஆசியா பீவி போனில் கேட்டாள். மறுமுனையில் தம்பி சுபுஹான். அவன்தான் தகவல் சொன்னவன். உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டு எதிரே, டீக்கடை பெஞ்சில் மச்சான் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருந்ததை நேற்று மட்டும் அஞ்சு தடவை பார்த்தானாம்.

"நாளையிலேந்து தார்பாய்க் கடைய நீ பாத்துக்கோ. அவர நான் வூட்ல உக்கார வெச்சிக்கிறேன்" என்று போனை வைத்தாள்.

கணவர் ஹயாத் பாஷாவுக்கு அந்த டீக்கடைக்குப் பக்கத்திலேயே லாரிக்குத் தார்பாயும் கயிறும் விற்கிற கடை. ரெண்டு கிட்னியும் போய் மூணு வருஷம். செவ்வாய், வியாழன், சனி கள்ளக்குறிச்சியில் டயாலிசிஸ். தண்ணி, டீ, ரசம் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டர்தான். மீறினால் நுரையீரலில் தண்ணி கோத்துக்கும், மூச்சு நின்னுடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த வியாதி ஞாபகத்தையும் அரித்துவிட்டது. குடித்த டீ அரை மணியில் மறந்துபோகும்.

அவள் செய்து பார்க்காத வித்தை இல்லை. காலையில் ஒரு லிட்டர் பாட்டில் நிரப்பிக் கொடுத்தாள்; தீர்ந்ததும் அவரே குழாயில் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தம்ளருக்கும் ஒரு புளியங்கொட்டையை இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்கு மாற்றச் சொன்னாள். மாற்றினோமா இல்லையா என்பது மறந்துபோனது. அலாரம் வைத்தாள், அடித்ததும் போனைக் காதில் வைத்து, "யாருங்க?" என்றார்.

உள்ளங்கையில் பேனாவால் 'டீ குடிச்சாச்சு' என்று எழுதிவிட்டாள். மதியம் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்தபோது அதுவும் அழிந்துபோனது.

"இனிமே மருதாணியிலதான் எழுதணும்" என்று அவள் பல்லைக் கடிக்க, மனுஷன் நிஜமாகவே கையை நீட்டினார். "எழுதேன். எனக்கு நல்லா செவக்கும்."

வாசனை வந்தால் கேட்பாரே என்று வீட்டில் டீத்தூள் வாங்குவதையே விட்டு எட்டு மாசம். "மறுபடியும் மறந்துட்டீங்களா?" என்று அவள் கத்தாத நாள் இல்லை.

அய்யனாரிடமும் ரெண்டு தடவை போய்க் கெஞ்சினாள். தலையைத் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு, அஞ்சு டீ.

இதில் டயாலிசிஸ் நர்ஸ் தனுஷா வேறு, இந்த மாசம் எடை அவ்வளவாக ஏறவில்லை, உடம்பில் தண்ணி சேரவில்லை, நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று பாராட்டினாள். எடை மெஷினே ரிப்பேர் போலிருக்கு என்று ஆசியா எரிச்சலோடு நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, கடையைப் பூட்டி அவரைக் கையோடு கூட்டிவர, வீட்டில் இருந்த மாற்றுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போய் இறங்கினாள். கையும் களவுமாகப் பிடிக்க, டீக்கடை எதிரே நின்றிருந்த லாரி ஓரம் ஒதுங்கினாள்.

ஹயாத் பாஷா வந்தார். ரெண்டு டிரைவர்களுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அய்யனாரு, ஒரு டீ."

அய்யனார் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கிளாஸை அவர் முன் வைத்தான். அடியில் கொஞ்சம் கசடு. ஓரத்தில் நுரை.

"இன்னா பாய், குடிச்சி முடிச்சிட்டு கிளாஸ குடுக்காம குந்திக்கினுகீறீங்க? ஆளு நிக்குதுல்ல?"

ஹயாத் பாஷா கிளாஸைக் கையில் எடுத்து உள்ளே பார்த்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா இல்ல? இன்னிக்கி இஞ்சி தூக்கல்டா" என்று சொல்லிவிட்டு, திருப்தியாக எழுந்து கடைக்குப் போனார்.

ஆசியா வெளியே வந்தாள்.

"இன்னா அய்யனாரு இது?"

அவன் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு சீட்டை எடுத்தான். தார்பாய்க் கடை பில். ஹயாத் பாஷாவின் கையெழுத்து.

"ஞாபகம் நல்லா இருந்த ஒரு காலைல எழுதிக் குடுத்தாரு பாயம்மா. எழுதனதயே இப்ப மறந்துட்டாரு."

வாங்கிப் படித்தாள்.

'அய்யனாரு, காலைல ஒரு சின்ன டீ. அப்புறம் எத்தினி தடவ வந்தாலும் குடிச்ச கிளாஸா ஒண்ணு வை. குடிச்சிட்டேன்னு சொல்லு. மறந்துட்டேன்னு மட்டும் சொல்லாத.'

"ரெண்டு தடவ வந்து கெஞ்சனனே. அப்பவே சொன்னா இன்னா?"

"உங்களுக்குத் தெரிஞ்சா கோவத்துல ஒரு நாள் அவரு கிட்டயே சொல்லிடுவீங்களாம். அப்புறம் காலி கிளாஸுன்னு அவருக்கும் தெரிஞ்சிப் போவும்ல?"

ஆசியா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"இந்தச் சாவிய அவர்ட்ட குடுத்துடு. அவரு சாவிய எங்க வெச்சாருன்னு பூட்டும்போது தேடுவாரு. நான் வந்தத சொல்லாத."

திரும்பியவளை அய்யனார் நிறுத்தினான். பால் கொதிக்கக் கொதிக்க ஒரு டீ ஆற்றினான். கிளாஸ் விளிம்பு தொட ஊற்றி அவள் முன் வைத்தான்.

"எனக்கெதுக்கு இது?"

"சீட்டத் திருப்பிப் பாருங்க."

திருப்பினாள்.

'என் வூட்டுக்காரி ஒரு நாள் உங்கிட்ட சண்டைக்கு வருவா. வந்தா, சக்கர ஜாஸ்தியா முழு கிளாஸ் டீ குடு. நான் கேப்பேன்னு அவ குடிக்கிறதயே வுட்டுட்டா.'