அசையாத ஹெல்மெற்

பக்கத்து வீட்டு றொமேஸ் கொண்டுவந்து கொடுத்த ஹெல்மெற் ஞானசீலனின் தலைக்குப் பெரிதாய் இருந்தது. குனிந்தால் மூக்கில் வந்து நின்றது.

“இதோடை உங்களை அனுப்பமாட்டன்,” என்றாள் மனைவி ஆன்சலா. “போனமுறை பாதி வழியிலை தொப்பி கழண்டபடியால்தானே மண்டை உடைஞ்சது.”

பழஞ்சாரத் துணியைக் கிழித்து ஹெல்மெற்றுக்குள் அடைத்தாள். வார் அறுந்திருந்ததால் வலை நூலால் நாடிக்குக் கீழே இறுக்கி முடிந்தாள்.

“தலையை ஆட்டுங்கோ.”

ஆட்டினான்.

“இப்ப துள்ளுங்கோ.”

“உனக்கென்ன விசரே? கழுத்து நெரியுதடியப்பா.”

“நெரிஞ்சாலும் பரவாயில்லை. துள்ளுங்கோ.”

துள்ளினான். ஹெல்மெற் அசையவில்லை.

“கலியாண மாப்பிள்ளைக்கும் இவ்வளவு சோடிப்பு இல்லை அண்ணை,” என்று றொமேஸ் சிரித்தான். “வெயில் ஏறமுதல் வாங்கோ.”

“தம்பி, வேகம் வேண்டாம்,” என்றாள் ஆன்சலா.

“ஓம் அக்கா. நீங்களும் பின்னுக்கு நிக்கிறியள்தானே.”

றொமேஸின் மோட்டார் சைக்கிள் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்காய்க் கொட்டிலில் கிடந்தது. அதில் கோழிகள்தான் ஏறி இருந்தன. அவன் கப்பிக் கயிற்றைப் பிடித்தான். அவனுக்குப் பின்னால் ஆன்சலாவும் பிடித்தாள். ஞானசீலன் அலவாங்குக் கம்பியோடு வாளிக்குள் கால் வைத்து, பாதி வெட்டிய கிணற்றுக்குள் இறங்கினான்.

அவன் அடியில் வெட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கிணற்று விளிம்பிலிருந்து ஒரு கல் உருண்டு விழுந்தது.

‘டொக்!’

ஆன்சலா உள்ளே எட்டிப் பார்த்தாள். “என்னப்பா?”

“உயிரோடைதான் இருக்கிறன்,” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “கல்லாலை ஒண்டுமில்லை. உன்ரை முடிச்சாலைதான் சாகப்போறன்!”