கத்துற கோழிதான் வேணும்

"கத்தாத கோழியா ரெண்டு குடுங்க. வாயே திறக்கக் கூடாது."

அப்பா இப்படிக் கேட்டதும் கோழிப் பண்ணைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாயே திறக்காததுன்னா பொம்மைதான் சார் வாங்கணும். அமைதியான ஜாதி எதுன்னு கேளுங்க, காட்டுறேன்."

"அதைத்தான் சொல்றேன். கொஞ்சம் சீக்கிரம். எனக்கு வேலை இருக்கு."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்கேயோ ஒரு லிஃப்ட் கதவு மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்ப்பதும் உள்ளே போடுவதுமாக, ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை அவரால்.

"இவருக்கு எப்பவும் கால்ல வெந்நீர்தான். நீங்க நிதானமா காட்டுங்கண்ணே" என்றாள் அம்மா, பண்ணைக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருபவள். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கைவந்த கலை.

சிரிப்பு மாறாமலேயே அப்பா பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒரு மணி நேரம் குடும்பத்துக்குன்னு ஒதுக்க முடியாதா?" என்றாள்.

"ஆரம்பிச்சுடாதே" என்றார் அப்பா, அதே தாழ்ந்த குரலில்.

பண்ணைக்காரர் ஒரு கோழியைத் தூக்கி வந்தார். பெரிய உடம்பு. கால் விரல் வரைக்கும் இறகு, காலுறை மாட்டியது மாதிரி.

"இது பிரம்மாங்கிற ஜாதி. பரம சாது. மடியில வெச்சுத் தடவினா தூங்கிடும். முட்டை போட்டாக்கூட பக்கத்துல இருக்கிற கோழிக்குத் தெரியாது."

"பேஷ்! இதையே குடுங்க."

"அவளையும் ஒரு வார்த்தை கேளுங்க. அவளுக்குத்தானே வாங்குறோம்" என்றாள் அம்மா.

மகள் அங்கே இல்லை. கடைசிக் கூண்டுக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எனக்கு இது வேணும்."

சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த பறவை. இவளைப் பார்த்ததும் தொண்டையைத் திறந்து ஒரு கத்து கத்தியது. உடனே கூண்டில் இருந்த மற்றவையும் சேர்ந்துகொண்டன. துருப்பிடித்த கேட்டை இழுத்து இழுத்துச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம். அப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ பாப்பா, அது கின்னிக்கோழி" என்றார் பண்ணைக்காரர். "காவலுக்கு வளக்கிறது. தெருமுனையில பூனை தும்மினாக்கூட ஊரைக் கூட்டிடும். சாயங்காலம் ஆச்சுன்னா கேக்கவே வேண்டாம், கச்சேரிதான்."

"சாயங்காலம் நல்லா கத்துமா?"

"கத்துமாவா? நாலு வீட்டுக்குக் கேக்கும்."

"அப்போ இதுதான் வேணும்."

"ஏய், விளையாடாதே" அப்பாவின் குரல் ஏறியது. "நாலு நாளா கோழி கோழின்னு உயிரை எடுத்தே. சரின்னு வேலையை விட்டுட்டு வந்தா, இப்போ இப்படியா?"

"அந்தப் பிரம்மா வேண்டாம்ப்பா. ப்ளீஸ். இது ஒண்ணே ஒண்ணு போதும்."

"நம்ம வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவரு" என்றாள் அம்மா. "இது கத்துற கத்துக்கு அவங்க என்ன நினைப்பாங்க? அவங்க வீட்லயும் படிக்கிற பிள்ளை இருக்கில்ல? அடுத்தவங்களைப் பத்திக் கொஞ்சமாவது யோசிக்கிறியா நீ?"

மகள் கம்பியை விடவில்லை. அப்பாதான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து இழுத்து வர வேண்டியிருந்தது.

முட்டை வாங்க வந்திருந்த ஓர் அம்மாள் உச்சுக்கொட்டினாள். "ஒத்தைப் பிள்ளை போல. செல்லம். வெச்சதுதான் சட்டம்."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

பிரம்மா இரண்டும் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள் போயின. பின் சீட்டில் பெட்டி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். பெட்டியிலிருந்து மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. மகள்தான் விசும்பிக்கொண்டிருந்தாள்.

சிக்னலில் கார் நின்றது.

"பார்த்தியா, அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு? எல்லாம் நீ குடுக்கிற இடம்" என்றார் அப்பா.

"நானா? கேட்டதும் சரின்னு தலையாட்டினது யாரு?"

"தலையாட்டலைன்னா நீ விட்டிருப்பியா? வீட்டுக்குள்ள வந்தாலே நிம்மதி கிடையாது..."

"நிம்மதி பத்தி நீங்க பேசாதீங்க! என் வாயைக் கிளறாதீங்க!"

பண்ணையில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து இப்போது வந்தது. பக்கத்து ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

மகள் அழுதுகொண்டே அவசர அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினாள். பெட்டியைத் தாண்டி எட்டி, அந்தப் பக்கத்துக் கண்ணாடியையும்.

"வேகிற வெயில்ல எதுக்குடி கண்ணாடியை ஏத்துறே?" அம்மா சீறியபடி திரும்பினாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் குரல் தானாக இறங்கியது. "என்னடா? ஒரு கோழிக்கா இப்படி அழறே? அதுல என்னதான் இருக்கு, சொல்லு."

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டு அக்கா ஸ்கூல் வேன்ல எல்லார் முன்னாடியும் கேட்டாங்கம்மா, 'தினமும் சாயங்காலம் உங்க வீட்ல என்ன அவ்வளவு சத்தம்?'னு. நாங்க கோழி வளக்கிறோம், அதுதான் கத்துதுன்னு சொல்லிட்டேன்."